கான்பூருக்குப் பழிவாங்கினாரா கர்னல் நீல்? மவுண்ட் ரோடு சிலைக்குப் பின்னால் இருக்கும் அலகாபாத் படுகொலை

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு டீக்கடையில் நின்று பாருங்கள். தமிழ் எவ்வளவு காதில் விழுகிறதோ அதே அளவுக்கு இந்தியும் ஒடியாவும் விழும். அப்படி ஒரு கடையில் பேச்சு கொடுத்த தொழிலாளி ஒருவர், தனக்கு சொந்த ஊர் பிரயாக்ராஜ் என்றார். பழைய பெயர் அலகாபாத். "அங்க வந்தா என்ன பார்க்கலாம் அண்ணே?" என்று கேட்டதற்கு, எல்லோரும் சொல்லும் திரிவேணி சங்கமத்தை முதலில் சொன்னார். அப்புறம், "சௌக்ல ஒரு வேப்பமரம் இருக்கு. 1857-ல அதுல ஆளுங்கள தூக்குல போட்டாங்க. அதையும் பாருங்க" என்றார். யார் போட்டது என்றால், ஒரே வார்த்தை: "அங்ரேஸ்."

அந்த வெள்ளைக்காரப் படை எங்கிருந்து போனது என்று தேடினால், பதில் நம்ம சென்னையில் வந்து நிற்கிறது. படையின் பெயரே மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ். அதன் தளபதிக்கு மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. அந்தச் சிலையை எடுக்கச் சொல்லித்தான் 1927-ல் தமிழ்நாடே திரண்டது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு 'நீல் சிலை சத்தியாகிரகம்' என்ற ஒரு வரி ஞாபகம் இருக்கும். ஆனால் நீல் என்ன செய்தார் என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள். விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த நீல்?

முழுப் பெயர் ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்மித் நீல். 1810-ல் ஸ்காட்லாந்தின் ஏர் நகரத்துப் பக்கம் பிறந்தவர். 1827-ல், பதின்வயதிலேயே, கிழக்கிந்திய கம்பெனியின் மெட்ராஸ் ராணுவத்தில் சேர்ந்தார். பர்மா போருக்குப் போனார், கிரிமியா போர் சமயத்தில் துருக்கியப் படையோடு வேலை பார்த்தார். 1857-ல் இந்தியா திரும்பியவர் கையில் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படை ஒப்படைக்கப்பட்டது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பெயரில் 'மெட்ராஸ்' இருப்பதால் இது தமிழ் சிப்பாய்களின் படை என்று நினைக்க வேண்டாம். மெட்ராஸ் மாகாணத்துக்காகக் கம்பெனி வைத்திருந்த ஐரோப்பியர் படை இது. பிற்காலத்தில் அயர்லாந்தின் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படையின் ஒரு பகுதியாக மாறியது.

1857 மே 10 அன்று மீரட்டில் சிப்பாய்கள் கிளம்பினார்கள். டெல்லி கைமாறியது. அதை 'முதல் சுதந்திரப் போர்' என்பதா 'சிப்பாய் கலகம்' என்பதா என்று இன்றும் சண்டை உண்டு, வேலூர் 1806-ஐ எங்கே வைப்பது என்று நம்ம ஊரில் தனியாக ஒரு சண்டை உண்டு. அது இருக்கட்டும். வட இந்தியாவில் ஐரோப்பியப் படை போதவில்லை என்றதும் கல்கத்தா அரசு மெட்ராஸிடம் ஆள் கேட்டது. நீல் தன் படையோடு கப்பல் ஏறினார்.

இன்றைக்கு சென்னையில் இருந்து அந்தப் பக்கம் போகும் ரயில்கள் கும்மிடிப்பூண்டி தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. அன்றைக்கு அந்தப் பாதையே கிடையாது. ராயபுரத்தில் இருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரைக்கும்தான் 1856-ல் ரயில் விட்டிருந்தார்கள். அதனால் கல்கத்தாவுக்குக் கடல் வழிதான்.

ஹவுரா ஸ்டேஷனில் நடந்த ஒரு சம்பவத்தை ஆங்கிலேய எழுத்தாளர்கள் ரசித்து ரசித்து எழுதியிருக்கிறார்கள். படையினர் வர கொஞ்சம் தாமதம். ரயில் காத்திருக்காது என்றார்கள் ஊழியர்கள். நீல் ஸ்டேஷன் மாஸ்டரையும் இன்ஜின் ஓட்டுபவரையும் காவலில் வைத்துவிட்டார். கடைசி ஆள் ஏறிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்று கல்கத்தா ஐரோப்பியர்கள் பூரித்துப் போனார்களாம்.

காசியில் ஆரம்பித்தது

ஜூன் 3-ம் தேதி நீல் காசிக்கு வந்தார். மறுநாள் மாலை அங்கிருந்த 37-வது படைப்பிரிவு சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறிக்க முடிவானது. மைதானத்தில் வரிசையாக நிற்க வைத்து, துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்னார்கள். எதிரே ஐரோப்பியப் படையும் பீரங்கியும் வருவதைப் பார்த்த சிப்பாய்களுக்கு சந்தேகம் வந்தது. பதற்றத்தில் துப்பாக்கிகள் வெடித்தன, பீரங்கிகள் பதில் சொன்னன. பக்கத்தில் நின்ற சீக்கியப் படைமீதும் குண்டு பாய்ந்தது. அந்தக் களேபரத்துக்கு நடுவில் நீல் தலைமையை எடுத்துக்கொண்டார்.

அடுத்து நடந்தது போர் இல்லை. ஊரைச் சுற்றித் தூக்கு மரங்கள் நட்டார்கள். அதிகாரிகள் மட்டும் இல்லை, ஊரில் இருந்த ஐரோப்பிய சிவிலியன்களும் குழுவாகக் கிளம்பிப் போய் கிராமங்களில் ஆட்களைத் தூக்கில் போட்டார்கள். மாமரக் கிளையில் கயிறு, கீழே யானை. யானை நகர்ந்தால் முடிந்தது. கிளர்ச்சிக்காரர்களின் கொடியை ஆட்டிக்கொண்டு, தமுக்கு அடித்துக்கொண்டு தெருவில் போன சிறுவர்கள் சிலரையும் பிடித்து விசாரணை நடத்தி மரண தண்டனை விதித்தார்கள். விசாரணையில் உட்கார்ந்திருந்த அதிகாரி ஒருவரே கண்ணீரோடு போய் அந்தப் பிள்ளைகளை விட்டுவிடச் சொல்லிக் கேட்டார், பலனில்லை. இதை எழுதி வைத்தவர் இந்திய தேசியவாதி யாரும் இல்லை. 1857 பற்றிய பெரிய வரலாற்றை எழுதிய ஆங்கிலேயர் ஜான் வில்லியம் கே.

இதெல்லாம் சட்டப்படிதான் நடந்தது என்பது இன்னொரு கொடுமை. அந்த மே, ஜூன் மாதங்களில் கல்கத்தாவில் அவசரச் சட்டங்கள் நிறைவேறின. காசி, அலகாபாத் பகுதிகளில் ராணுவச் சட்டம் வந்தது. சந்தேகம் இருந்தால் போதும், அங்கேயே விசாரணை, அங்கேயே தண்டனை, மேல்முறையீடு கிடையாது.

அலகாபாத்தில் என்ன நடந்தது?

அலகாபாத்தில் இருந்தது 6-வது படைப்பிரிவு. டெல்லி கிளர்ச்சியாளர்களை எதிர்த்துப் போரிட நாங்களே வருகிறோம் என்று விருப்பம் தெரிவித்த சிப்பாய்கள் அவர்கள். ஜூன் 6 மாலை அணிவகுப்பில் கவர்னர் ஜெனரலின் நன்றிக் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். அன்று இரவே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். காசியில் ஆயுதம் பறிக்கும்போது சிப்பாய்களைச் சுட்ட செய்தி அதற்குள் அலகாபாத்துக்கு வந்திருந்தது. 'நன்றி சொல்லிவிட்டு நம்மையும் அப்படித்தான் செய்வார்கள்' என்ற பயம் இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அந்த இரவில் ஐரோப்பிய அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். இங்கிலாந்தில் இருந்து அப்போதுதான் வந்திருந்த இளம் வயதுப் பையன்களும் அதில் உண்டு. ஊரில் ஐரோப்பியர், கிறிஸ்தவர் வீடுகள் தாக்கப்பட்டன, சிறை உடைந்தது, கஜானா போனது. மௌல்வி லியாகத் அலி குஸ்ரு பாக் தோட்டத்தில் இருந்து நிர்வாகத்தை நடத்த ஆரம்பித்தார். கோட்டை மட்டும் ஆங்கிலேயர் கையில் நின்றது.

ஜூன் 11 அன்று நீல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தார். கடும் கோடை. வெயிலில் நடந்து வந்ததில் அவருக்கே நிற்க முடியவில்லை. ஆனாலும் மறுநாளே ஆரம்பித்துவிட்டார்.

ஜூன் 12-ல் கங்கைக் கரையில் இருக்கும் தாராகஞ்ச் மீது பீரங்கித் தாக்குதல். வீடுகள் எரிந்தன, படகுப் பாலம் பிடிபட்டது. அடுத்தடுத்த நாட்களில் கீட்கஞ்ச் போன்ற குடியிருப்புகள். ஆற்றில் ஒரு நீராவிக் கப்பலில் பீரங்கியை ஏற்றி, கரையோரக் குடியிருப்புகளைச் சுட்டுக்கொண்டே போனார்கள். 18-ம் தேதி வாக்கில் படை நகரத்துக்குள் நுழைந்தபோது பெரும்பாலான வீடுகள் காலி. லியாகத் அலி கான்பூர் பக்கம் தப்பிப் போயிருந்தார். மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் ஓடியிருந்தார்கள்.

கிளர்ச்சி செய்த சிப்பாய்களில் பெரும்பகுதியும் அதற்குள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். அப்படியென்றால் தூக்கில் தொங்கியவர்கள் யார்? அங்கேயே மாட்டிக்கொண்ட ஊர்க்காரர்கள். கடை வைத்திருந்தவர், படகு ஓட்டியவர், சுற்றுக் கிராமத்து விவசாயி. கொள்ளைப் பொருள் கையில் இருந்தது என்பதே ஒருவரைத் தூக்கில் போடப் போதுமான சாட்சியாக இருந்தது. வயதானவர்களும் பெண்களும் குழந்தைகளும்கூட இதில் பலியானார்கள் என்பது பிரிட்டிஷ் பார்லிமென்டுக்குப் போன அரசு ஆவணங்களிலேயே பதிவாகி இருக்கிறது.

எத்தனை பேர்?

போலாநாத் சந்தர் என்ற வங்காளி எழுத்தாளர் சில ஆண்டுகள் கழித்து அந்தப் பகுதியில் பயணம் செய்து, கேட்டதை எழுதினார். சுமார் 6,000 பேர் கொல்லப்பட்டதாக அவர் கணக்கு. சாலைச் சந்திப்புகளிலும் சந்தைகளிலும் தொங்கிய உடல்களை எடுத்துப் போக மாதக்கணக்கில் தினமும் வண்டிகள் ஓடின என்று எழுதினார். கே-யும் தன் நூலில் இதை எடுத்துக்காட்டுகிறார். 6,000 என்பது சேகரித்த பேச்சில் இருந்து வந்த எண், பதிவேட்டில் இருந்து வந்தது இல்லை. இறந்தவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்காதபோது சரியான எண் எங்கிருந்து வரும்? சௌக் வேப்பமரத்துக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் கணக்கு தனி, அது பல நூறு.

காலண்டரைப் பாருங்கள்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நீலைப் பற்றி அந்தக் காலத்து ஆங்கிலேயர் புத்தகங்களைப் படித்தால், 'கான்பூருக்குப் பழிவாங்கியவர்' என்ற பெயர் கிடைக்கும். கான்பூரில் நடந்தது உண்மையிலேயே பெரிய கொடுமை. ஜூன் 27 அன்று சரணடைந்து படகேற வந்த ஆங்கிலேயர்களை சதிசௌரா படித்துறையில் சுட்டுக் கொன்றார்கள். உயிர் தப்பிய பெண்களும் குழந்தைகளும் பீபிகர் என்ற வீட்டில் அடைக்கப்பட்டார்கள். ஜூலை 15 அன்று சுமார் 200 பேர் அங்கே வெட்டிக் கொல்லப்பட்டு கிணற்றில் போடப்பட்டார்கள். நானா சாகிப் தரப்பு செய்த இதை எந்தப் பெயராலும் நியாயப்படுத்த முடியாது.

ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். காசி, ஜூன் 4 முதல். அலகாபாத், ஜூன் 12 முதல். சதிசௌரா, ஜூன் 27. பீபிகர், ஜூலை 15.

நடக்காத ஒன்றுக்கு எப்படிப் பழிவாங்க முடியும்?

இதற்கும் ஒரு பதில் சொல்வார்கள். மீரட், டெல்லியில் மே மாதமே ஐரோப்பியர் கொல்லப்பட்டார்கள், அலகாபாத்திலும் ஜூன் 6-ல் கொல்லப்பட்டார்கள், அந்தக் கோபம்தான் என்பார்கள். கோபம் இருந்தது உண்மை. ஆனால் கோபத்தில் கைமீறிய படை என்று சொல்வதற்கும் இடமில்லை, ஏனென்றால் எழுத்துப்பூர்வமான உத்தரவு இருக்கிறது. ஜூன் 30 அன்று கான்பூரை மீட்கப் போன முன்னணிப் படைக்கு மேஜர் ரெனோ தலைவர். அவர் கையில் நீல் கொடுத்த உத்தரவில், எந்தெந்தக் கிராமங்களை அழிக்க வேண்டும், எங்கே ஆண்கள் எல்லோரையும் கொல்ல வேண்டும், ஃபதேபூரில் பட்டாணியர் குடியிருப்பை மக்களோடு சேர்த்து எப்படி முடிக்க வேண்டும் என்பது வரைக்கும் இருந்தது. கான்பூர் சதிசௌரா செய்தி அன்று அலகாபாத்துக்கு வந்து சேரவே இல்லை. அது ஜூலை முதல் வாரத்தில்தான் வந்தது.

ரெனோவின் படை போன வழியைப் பற்றி லண்டன் டைம்ஸ் நிருபர் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். படையில் இருந்த ஒரு அதிகாரியே அவரிடம் சொன்னது இது. இரண்டு நாளில் சாலையோரம் 42 பேர் தூக்கில். அதில் ஒரு 12 பேர் செய்த குற்றம் என்ன தெரியுமா? படை எதிரே வந்தபோது முகத்தை வேறு பக்கம் திருப்பி இருந்தார்களாம்.

இந்தச் செய்திகள் வாய்வழியாக கான்பூருக்குப் போயிருக்கும் என்பதை யோசித்தாலே தெரியும். எரிந்த கிராமங்களில் இருந்து தப்பியவர்கள் அந்தத் திசையில்தான் ஓடினார்கள். பீபிகர் கொலைக்கு இது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் இந்தப் பின்னணி இல்லாமல் அதைச் சொல்வது பாதிக் கதை.

வண்டி இழுக்க மாடு இல்லை

எல்லாக் கொடுமைக்கும் 'அவசரத் தேவை' என்று ஒரு காரணம் சொல்வது வழக்கம். நீல் விஷயத்தில் அதுவும் நிற்கவில்லை. கான்பூரில் ஆங்கிலேயர்கள் முற்றுகையில் மாட்டிக்கொண்டு உதவிக்காகக் காத்திருந்தார்கள். அலகாபாத்தில் இருந்து கான்பூர் சுமார் 200 கிலோமீட்டர். படை நகர வேண்டுமானால் மாட்டு வண்டி வேண்டும், வண்டிக்காரர் வேண்டும், தானியம் வேண்டும், கூடாரம் தூக்க ஆள் வேண்டும். இதெல்லாம் ஊர்க்காரர்களிடம் இருந்துதான் கிடைக்கும்.

ஊர்க்காரர்கள் எங்கே? பாதிப் பேர் ஓடிவிட்டார்கள், மீதிப் பேர் படையைப் பார்த்தாலே ஒளிந்தார்கள். ஒப்பந்தக்காரர்கள் தலைமறைவு. வண்டி கிடைக்கவில்லை, ஆள் கிடைக்கவில்லை. இதற்குள் கோட்டையில் காலரா வேறு பரவி, நீலின் சொந்தப் படை ஆட்களே செத்து விழுந்தார்கள். ஜூன் 11-ல் வந்தவரால் முதல் படைப்பிரிவை ஜூன் 30-ல்தான் அனுப்ப முடிந்தது. அதற்கு மூன்று நாள் முன்பே கான்பூர் முடிந்துவிட்டது. ஊரை மிரட்டி வைத்தால் காரியம் சீக்கிரம் நடக்கும் என்று நினைத்தவருக்கு, மிரண்ட ஊரே முட்டுக்கட்டை ஆனது.

நீல் ஜூலை 20-ல் கான்பூர் போய்ச் சேர்ந்தார். அங்கே பிடிபட்டவர்களை பீபிகர் தரையில் இருந்த ரத்தக் கறையைச் சுத்தம் செய்ய வைத்து, மறுத்தால் சாட்டையால் அடித்து, நாக்கால் நக்க வைத்து, பிறகு தூக்கில் போட்டார். சாதி, மத நம்பிக்கையைக் குலைத்துவிட்டு உயிரை எடுக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அவர் எழுதிய உத்தரவும் அப்படித்தான் சொல்கிறது. கண்ணில் பட்டவர்களை எல்லாம் தூக்கில் போடுவதைக் கட்டுப்படுத்த, கவர்னர் ஜெனரல் கேனிங் ஜூலை கடைசியில் ஒரு உத்தரவு போட வேண்டி வந்தது. அதற்காக அவருடைய ஆட்களே அவரை 'கருணை கேனிங்' என்று கிண்டல் செய்தார்கள். செப்டம்பர் 25 அன்று லக்னோவில் தெருச் சண்டையில் நீல் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார்.

சிலை சென்னைக்கு வந்தது எப்படி?

நன்கொடை திரட்டி, லண்டன் சிற்பி மேத்யூ நோபிளிடம் சிலை செய்து, 1860-களின் தொடக்கத்தில் மவுண்ட் ரோட்டில், ஸ்பென்சர் பக்கம் நிறுத்தினார்கள். வங்காளத்தில் கிளர்ச்சி வெள்ளத்தை முதலில் தடுத்தவர் என்று பீடத்தில் பாராட்டு வாசகம். அதே சிற்பி செய்த இன்னொரு சிலை நீலின் சொந்த ஊரான ஏர் நகரத்திலும் வைக்கப்பட்டது. இங்கே சுமார் 65 வருடம் டிராம், ஜட்கா, சைக்கிள், கார் எல்லாம் அந்தச் சிலையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன.

1927 ஆகஸ்டில் இரண்டு தொண்டர்கள் கோடாரியும் சுத்தியலுமாக சிலை மீது ஏறினார்கள். அங்கிருந்து சூடு பிடித்தது நீல் சிலை சத்தியாகிரகம். தலைமை, திருநெல்வேலி சோமயாஜுலு. ஒவ்வொரு ஊரில் இருந்தும் தொண்டர்கள் முறை வைத்து வந்தார்கள், சிலையைத் தொட்டார்கள், சிறைக்குப் போனார்கள். கடலூர் அஞ்சலை அம்மாள் தன் சின்ன மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு வந்து கைதானார். செப்டம்பரில் சென்னை வந்த காந்தி போராட்டத்தை ஆதரித்தார், ஆனால் வன்முறை கூடாது என்றார். அம்மாக்கண்ணுவை வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துப் போய் லீலாவதி என்று பெயர் வைத்ததும் அவர்தான். சோமயாஜுலு கைதான பிறகு போராட்டத்தை நடத்த முன்வந்தவர், அப்போது இருபதுகளில் இருந்த காமராஜர். சைமன் கமிஷன் எதிர்ப்பு வந்ததும் எல்லோர் கவனமும் அந்தப் பக்கம் போனது. சிலை அப்படியே நின்றது.

ஒரு விஷயம் யோசிக்க வைக்கிறது. திருநெல்வேலிக்காரருக்கும் கடலூர்க்காரருக்கும் அலகாபாத்தில் சொந்தக்காரர் யாரும் இல்லை. தூக்கில் தொங்கியவர்களின் மொழிகூடத் தெரியாது. நடந்து 70 வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் நம்ம தெருவில் நிற்கிற சிலைக்கு நாம்தானே பொறுப்பு என்று ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள்.

1937-ல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அரசு வந்த பிறகு சிலை மவுண்ட் ரோட்டில் இருந்து எடுக்கப்பட்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. உடைக்கவில்லை, இடம்தான் மாறியது.

அந்தமானில் ஒரு தீவுக்கும் நீல் பெயர்தான் வைத்திருந்தார்கள். குஸ்ரு பாக்கில் இருந்து தப்பிய மௌல்வி லியாகத் அலி பல வருடம் தலைமறைவாக இருந்து, கடைசியில் பிடிபட்டு ஆயுள் தண்டனையில் அனுப்பப்பட்டதும் அதே அந்தமானுக்குத்தான். அங்கேயே இறந்தார். நீல் தீவு என்ற பெயர் 2018 டிசம்பர் 30 அன்று ஷஹீத் தீவு என மாற்றப்பட்டது. ஹனிமூன் பேக்கேஜ் விளம்பரங்களில் இன்னும் பழைய பெயர்தான் ஓடுகிறது.